பதினான்காவது கேள்வி

நான்கு சட்ட நிறுவனங்களில் மூன்று கையை விரித்துவிட்டன என்ற இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் குறுக்கு, சட்டம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஐந்து வயதில், தூங்கச் சொன்ன அப்பாவிடம் யார் சொன்னது, எங்கே எழுதியிருக்கிறது என்று குறுக்கு விசாரணை செய்ததால் அண்ணன் வைத்த பெயர். பள்ளிக்கூடம் மாறியும் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. இந்த விடுமுறையில் நல்ல நிறுவனம் ஒன்றில் இரண்டு மாதம் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டால், படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை பெரும்பாலும் உறுதி. பயிற்சி கிடைக்காதவர்கள் பிறகு வாசல் வாசலாக ஏறி இறங்க வேண்டியதுதான்.

ஆள் எடுப்பதில் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு தினுசு. முதலாவதில் கணினித் தேர்வு, நாற்பது நிமிடத்தில் ஐம்பது கேள்வி. முடித்த மூன்றாவது நிமிடமே வருந்துகிறோம் என்று இயந்திரம் எழுதிவிட்டது. அதற்குள் வருத்தப்பட அதற்கு எங்கே நேரம் இருந்தது என்று அண்ணன் கேட்டான். இரண்டாவதில் எட்டுப் பேரை வட்டமாக உட்காரவைத்து விவாதிக்கச் சொன்னார்கள். ஒரு மூலையில் இரண்டு பேர் தாளோடு உட்கார்ந்து, யார் யார் பேச்சில் எத்தனை தடவை குறுக்கிட்டார்கள் என்று கோடு போட்டார்கள். நம்மவள் பெயருக்கு நேரே கோடு போட இடம் போதவில்லை. மூன்றாவது நிறுவனம், வீட்டிலிருந்தே கேமராவைப் பார்த்துப் பேசிப் பதிவு செய்து அனுப்பச் சொன்னது. கேள்வி திரையில் வரும். முப்பது விநாடி யோசிக்கலாம். இரண்டு நிமிடம் பேசலாம். எதிரே தெரிவது தன் முகமே. எதிர்த்துக் கேட்க ஆள் இல்லாவிட்டால் இவளுக்குப் பேச்சே வராது. அதுவும் போயிற்று.

மிச்சம் இருந்தது நாலாவது, இருப்பதிலேயே பெரியது. எழுநூறு விண்ணப்பங்களிலிருந்து பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். நேரில் ஒரு எழுத்துத் தேர்வு, அது முடிந்த கையோடு நேர்காணல். இடம் நாலே நாலு. அது இன்றைக்கு, காலை பத்து மணிக்கு.

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஷிஃப்டுக்கு ஆறு மணிக்கே கிளம்பிவிட்டாள். போகிற போக்கில், கேட்டதற்கு மட்டும் பதில் சொல், திருப்பிக் கேட்காதே என்று மகளிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

அப்பா அவளுடைய ஷூவுக்கு மூன்றாவது முறையாகப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். போதும்ப்பா, முகம் தெரிகிறது என்று அவள் சொன்ன பிறகும் துணியைக் கீழே வைக்கவில்லை. இரண்டு நாளாகவே அவர் அதிகம் பேசவில்லை. உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டதற்குத் தூக்கம் சரியில்லை என்று மட்டும் சொன்னார். வேறு நாளாக இருந்தால் அவள் விட்டிருக்க மாட்டாள்; எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு விழித்தீர்கள் என்று ஆரம்பித்திருப்பாள். இன்றைக்கு அவளுக்கு அவள் பயமே போதுமாக இருந்தது.

லிஃப்டில் அவள் ஏறியதும், அது கீழே போய் நிற்கும் சத்தம் கேட்கும்வரை அப்பா வாசலில் நின்றார். முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். வீட்டு லிஃப்டைக்கூடக் காது கொடுத்துக் கேட்காமல் அவரால் இருக்க முடியாது.

பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். மேசை டிராயரின் அடியிலிருந்து ஒரு கவரை எடுத்து மகன் முன்னால் வைத்தார்.

அண்ணன் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். பத்து வருடமாக அந்தத் தொழில். தெருவில் தெரிந்தவர்கள் அவனைத் தூரத்தில் பார்த்தாலே வேறு பக்கம் திரும்பிக்கொள்கிற அளவுக்குத் தேர்ந்தவன். கவரிலிருந்த ஒற்றைத் தாளைப் படித்ததும் அவன் முகம் மாறியது.

அப்பாவின் வழக்கு நமக்குத் தெரிந்ததுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால், எட்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில், மூன்றாம் மாடி லிஃப்ட் கதவின் பூட்டு சரியில்லை, ஓட்டக் கூடாது என்று பராமரிப்பு நோட்டில் எழுதி, லிஃப்டை நிறுத்திவிட்டு வந்தார். மறுநாள் யாரோ ஓட்டிவிட்டார்கள். அதற்கு அடுத்த நாள், மூன்றாம் மாடியில் ஓர் ஊழியர் கதவைத் திறந்து காலை வைத்தார். அங்கே லிஃப்ட் இல்லை. விழுந்ததில் அவருக்கு இரண்டு காலும் முறிந்தன. மெக்கானிக் எதையுமே எழுதவில்லை, நோட்டில் அப்படி ஒரு பக்கமே கிடையாது என்று அவர் வேலை பார்த்த லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனி சொன்னது; அப்பாவை வேலையிலிருந்து நீக்கியது. அவர் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். இன்னும் போய்க்கொண்டிருக்கிறார்.

அந்தக் கம்பெனி இப்போது வக்கீலை மாற்றியிருக்கிறது. கவரில் வந்தது அந்த அறிவிப்பு. புது வக்கீல்கள் யார் என்ற இடத்தில் இருந்த பெயரை எங்கே பார்த்தோம் என்று அண்ணன் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நாலு நாளாக ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் நேர்காணல் அழைப்பின் தலையில் அதே பெயர், அதே நீல எழுத்தில் இருந்தது.

"எப்ப வந்தது?"

"திங்கக்கிழமை."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் வேண்டாம். முதல்ல நல்லபடியா எழுதிட்டு வரட்டும்." அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் கேஸை வாபஸ் வாங்கப் போறேன். நம்ம வக்கீலம்மா ரெண்டு மணிக்குக் கோர்ட்டுலேர்ந்து வந்துடுவாங்க."

அண்ணன் குதித்தான். இரண்டு வருடம் அலைந்தது என்ன ஆவது, விழுந்தவர் குடும்பம் இன்னும் உங்களைத்தானே குற்றவாளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, வாபஸ் வாங்கினால் அது உண்மை என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகாதா என்றெல்லாம் கேட்டான். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவளை எடுத்துக்கொண்டார்கள் என்றே வைத்துக்கொள், நாளைக்கே அங்கே யாராவது இந்தப் பெண்ணின் அப்பாதானே எதிர்த்தரப்பு என்று கண்டுபிடித்தால் அந்த நிமிடமே வெளியே அனுப்பிவிடுவார்கள், அதற்கு முன்னால் வழக்கே இல்லாமல் போய்விட வேண்டும் என்றார். வீட்டில் உட்கார்ந்து பழைய மோட்டார்களைப் பழுது பார்த்துக்கொண்டு தன் காலம் ஓடிவிடும் என்றார்.

அப்போது அண்ணனின் போன் அடித்தது. குறுக்குதான்.

"அண்ணா, பதினாலாவது கேள்விக்கு நீ என்ன போட்ட?"

விஷயம் இதுதான். விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாளன்று அவளுக்குக் கல்லூரியில் பரீட்சை இருந்தது. பதில்களையெல்லாம் இரண்டு தாளில் எழுதி அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவன் கணினியில் நிரப்பி அனுப்பினான். இப்போது நிறுவனத்தின் வரவேற்பறையில் அதே விண்ணப்பத்தை அச்செடுத்துக் கையில் கொடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். மூன்றாம் பக்கத்தில் ஆம், இல்லை என்று கட்டம் போட்ட ஆறு கேள்விகள். பதினாலாவது, உங்கள் குடும்பத்தில் யாராவது ஏதேனும் வழக்கில் சம்பந்தப்பட்டிருக்கிறார்களா என்பது. அவள் தன் தாளில் ஆம் என்று எழுதி, அப்பா, தொழிலாளர் நீதிமன்றம் என்று விவரமும் கொடுத்திருந்தாள். அச்சிட்ட தாளில் இல்லை என்று இருந்தது.

அண்ணன் வேண்டுமென்று செய்யவில்லை. இன்ஷூரன்ஸ் விண்ணப்பத்தில் வரிசையாகக் கேள்விகள் இருக்கும். சர்க்கரை உண்டா, இல்லை. ரத்த அழுத்தம் உண்டா, இல்லை. ஆபரேஷன் ஏதாவது, இல்லை. ஒரு ஆம் விழுந்தால் மருத்துவப் பரிசோதனை, கடிதப் போக்குவரத்து என்று மூன்று மாதம் இழுக்கும் என்பதால், பத்து வருடமாக அவன் கை மேலிருந்து கீழே இல்லை இல்லை என்று தானே இறங்கிப் பழகிவிட்டது. கட்டத்தைப் பார்த்ததும் கண் தங்கையின் தாளுக்குப் போகவில்லை. கை இறங்கிவிட்டது.

கையில் போன், எதிரே கவர், அதற்குப் பின்னால் அப்பா. சொல்லாதே என்று அப்பா கையை ஆட்டினார்.

"பழக்க தோஷத்துல போட்டுட்டேன் போலிருக்கு," என்றான் அண்ணன். "விடு. கையெழுத்துப் போடு."

"பொய்யாச்சே."

"அப்பா கேஸ் அந்த லிஃப்ட் கம்பெனியோட. அதுக்கும் இவங்களுக்கும் என்ன சம்பந்தம்? இப்ப போய் அடிச்சுத் திருத்தினா, உன் ஃபாரத்தை நீயே நிரப்பலைன்னு ஆகும். போட்டுட்டு உள்ள போ."

போனை வைத்ததும் அவனுக்கு வாய் கசந்தது. தங்கையிடம் சின்னப் பொய் ஆயிரம் சொல்லியிருக்கிறான். உண்மையைக் கண்முன்னால் வைத்துக்கொண்டு சொன்ன பொய் இதுதான் முதல்.

அங்கே குறுக்கு பேனாவைத் திறந்துகொண்டு ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த மற்றப் பதினொரு பேரும் கையெழுத்துப் போட்டுத் தாளைக் கொடுத்துவிட்டார்கள். வரவேற்பறைப் பெண் இவளையே பார்த்தாள். அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, யாருக்கும் இதனால் கெடுதல் இல்லை என்று தனக்குத்தானே வாதாடினாள். தனக்குச் சாதகமாக வாதாடும்போது எதிர்க்கேள்வி கேட்க அவளுக்கும் மனம் வரவில்லை. போட்டாள்.

தேர்வு அறையில் நீள மேசை, ஆளுக்கொரு நாற்காலி, ஆளுக்கொரு கோப்பு. தேர்வை நடத்திய இளம் வக்கீல் விளக்கினாள்: இது ஒரு உண்மையான வழக்கிலிருந்து எடுத்தது, பெயர்களையெல்லாம் மறைத்திருக்கிறோம். நீங்கள் நிறுவனத் தரப்பு வக்கீல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் தரப்பில் பலவீனமான இடங்கள் எவை, அவற்றை எப்படிச் சமாளிப்பது என்று ஒரு பக்கக் குறிப்பு எழுத வேண்டும். நேரம் ஐம்பது நிமிடம்.

குறுக்கு கோப்பைத் திறந்தாள். பராமரிப்பு நிறுவனம் ஒன்று. வேலையிலிருந்து நீக்கப்பட்ட மெக்கானிக் ஒருவர். எட்டு மாடிக் கட்டடம்.

இரண்டாவது பத்தியில் மூன்றாம் மாடி வந்தது. எத்தனையோ கட்டடம், எத்தனையோ லிஃப்ட் என்று சொல்லிக்கொண்டே பக்கத்தைத் திருப்பினாள். தேதி வந்தது. அந்தத் தேதியை அந்த வீட்டில் யாரும் மறக்க முடியாது.

கடைசி இணைப்பு ஒரு நோட்டுப் பக்கத்தின் நகல். பெயரும் கையெழுத்தும் இருந்த இடத்தில் கறுப்பு மை பூசியிருந்தார்கள். மற்றது அப்படியே இருந்தது. 'மூன்றாம் மாடிக் கதவுப் பூட்டு பிடிக்கவில்லை. பூட்டு மாற்றும்வரை ஓட்டக் கூடாது.' கூடாது என்பதன் அடியில் இரண்டு கோடு.

அவள் வீட்டு வாஷிங் மெஷின்மேல் ஈரக் கையால் தொடக் கூடாது என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதிலும் கூடாதுக்கு இரண்டு கோடு. பன்னிரண்டு வருடம் அவளுடைய பள்ளி நோட்டுகளுக்கெல்லாம் பெயர் எழுதிக் கொடுத்த கை அது.

அந்தப் பக்கம் இருக்கிறது. அப்படி ஒரு பக்கமே கிடையாது என்று நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொன்ன பக்கம், அந்தக் கம்பெனியிடமே இருந்திருக்கிறது.

அவளுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, வெட்கம். முதல் வருடம் சாட்சியச் சட்டம் படிக்க ஆரம்பித்த புதிதில், அப்பா சாப்பாட்டு மேசையில் இந்தக் கதையை மறுபடி சொன்னபோது, ஆதாரம் இருக்காப்பா என்று கேட்டாள். படித்ததைக் காட்டிக்கொள்ளும் ஆசையில்தான் கேட்டாள். அப்பா பாதியில் நிறுத்திவிட்டார். அதன் பிறகு அவள் எதிரில் அவர் அந்தக் கதையைச் சொன்னதே இல்லை. தான் பெற்ற பெண்ணே நம்பவில்லை என்று அந்த மனிதர் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்திருப்பார் என்று இப்போது புரிந்தது.

சுற்றிலும் பேனாக்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவளால் எழுத முடியும். சொல்லப்போனால், அந்த அறையில் அவளை விட நன்றாக யாராலும் எழுத முடியாது. கம்பெனியின் ஓட்டைகள் அத்தனையும் இரண்டு வருடமாக அண்ணன் வாயால் கேட்டுப் பழகியவை. எழுதினால் இடம் நிச்சயம். எழுதினால், அப்பாவைத் தோற்கடிக்க என்ன வழி என்று அப்பாவின் கையெழுத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

ஐம்பது நிமிடம் முடிந்ததும் வெறும் தாளைக் கொடுத்தாள்.

நேர்காணலில் இரண்டு பேர். ஒருவர் மூத்த பார்ட்னர். குரலை உயர்த்திப் பேசியே பழக்கமில்லாதவர் மாதிரி மெதுவாகப் பேசினார். பக்கத்தில் அந்த இளம் வக்கீல். பார்ட்னர் வெறும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

"இல்ல சார். இந்த வழக்குல நீக்கப்பட்ட மெக்கானிக் என் அப்பா."

இளம் வக்கீலின் முகம் வெளிறியது. போன வாரம் வந்த கோப்பு, அவசரத்தில் தேர்வுக்கு எடுத்துவிட்டேன் என்று அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். பார்ட்னர் திரும்பிப் பார்க்காமலே கையமர்த்தினார். விண்ணப்பத்தை எடுத்து மூன்றாம் பக்கத்தைப் பிரித்தார்.

"பதினாலாவது கேள்விக்கு இல்லைன்னு இருக்கு. இன்னிக்குக் காலையில கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அண்ணன் நிரப்பினான் என்று சொல்லலாம். உண்மையும் அதுதான். ஆனால் கையெழுத்து அண்ணனுடையது இல்லை.

"அது பொய் சார். பொய்னு தெரிஞ்சுதான் போட்டேன். நீங்க இந்த வழக்குல இருக்கீங்கன்னு மட்டும் தெரியாது."

பார்ட்னர் விண்ணப்பத்தை மூடிவிட்டுக் கணினியில் நாலு வரி தட்டி, அச்செடுத்து, அவள் பக்கம் நகர்த்தினார். இன்றைக்கு இங்கே படித்த எதையும் எவரிடமும் சொல்ல மாட்டேன் என்ற உறுதிமொழி. அப்பாவிடமும் கூடாது, அப்பாவின் வக்கீலிடமும் கூடாது என்று வாயால் விளக்கினார். தவறு எங்கள் பக்கமும் இருக்கிறது, அதனால் அந்தப் பொய்க் கையெழுத்தைப் பற்றி உங்கள் கல்லூரிக்கு எழுதப் போவதில்லை என்றார். மிரட்டுகிற தொனியே இல்லாமல்தான் சொன்னார். அவளுக்கு அது மிரட்டலாகத்தான் கேட்டது.

அம்மா காலையில் சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்தது. இருந்தாலும் கேட்டாள்.

"அப்படி ஒரு பக்கமே கிடையாதுன்னு கோர்ட்டுல சொல்லியிருக்காங்களே சார்?"

"அது பழைய வக்கீல் சொன்னது. நாங்க என்ன சொல்லணும்னு இன்னும் முடிவாகல. அடுத்த வாரம் வாய்தா இருக்கு." அவர் எழுந்தார். "இந்த வருஷம் இங்க உங்களுக்கு இடம் இல்லம்மா. ஆனா கேட்க வேண்டியதைக் கேட்கறீங்க. அதை விட்டுடாதீங்க."

அவள் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டாள். காலையில் போட்டது பொய். இது மெய். இதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம் என்று அப்போதே தெரிந்தது.

தெருவுக்கு வந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டாள். இடம் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னாள். மறுமுனையில் அவன் உடைந்துவிட்டான். கவர் வந்தது, அப்பா மறைத்து வைத்தது, தனக்குத் தெரிந்தும் கையெழுத்துப் போடச் சொன்னது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். கடைசியில் சொன்னதுதான் அவளை நிற்க விடவில்லை.

"அப்பா உனக்காகக் கேஸை வாபஸ் வாங்கப் போயிருக்கார். ரெண்டு மணிக்கு."

மணி ஒன்று ஐம்பது.

வழக்கு இருக்கிறவரைக்கும்தான் அந்தப் பக்கத்தைப் பற்றி யாராவது யாருக்காவது பதில் சொல்லியாக வேண்டும். வழக்கே இல்லையென்றால் அடுத்த வாரம் யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. நோட்டு எங்கேயோ ஓர் அலமாரிக்குள் போய்விடும். கால் முறிந்தவருக்கும் அவர் வீட்டாருக்கும் ஆயுள் முழுக்க அப்பாதான் குற்றவாளி. அவள் ஓடினாள். பாலிஷ் போட்ட ஷூ கடித்தது. கிளம்பிவிட்ட பஸ்ஸைத் தட்டி நிறுத்தி ஏறினாள். அப்பாவுக்கு நாலு தடவை போன் அடித்தாள். முக்கியமான வேலையாகப் போகும்போது போனை அணைத்துவைப்பது அவர் வழக்கம்.

வக்கீலம்மாவின் அலுவலகம் ஒரு தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை. குறுக்கு படியேறிப் போனபோது அப்பா மேசைக்கு முன்னால் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். மேசைமேல் வாபஸ் மனு. அடியில் அவர் கையெழுத்து. வக்கீலம்மா அதைக் கையில் எடுக்கவே இல்லை. கையெழுத்துப் போட்டாலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று அப்பாவை நிறுத்திவைத்துவிட்டு, வேறு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். யாருக்காக இந்த வாபஸ் என்பதை அப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டார் என்பது, வக்கீலம்மா இவளைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

"வாபஸ் வாங்காதீங்கப்பா," என்றாள் குறுக்கு. மூச்சு இரைத்தது.

"உனக்கு இதெல்லாம் புரியாது. நாளைக்கு அவங்க உன்னைக் கூப்பிடும்போது..."

"கூப்பிட மாட்டாங்க. எனக்கு அங்க இடம் இல்லைன்னு சொல்லிட்டாங்க."

அவளால் சொல்ல முடிந்த உண்மை அது ஒன்றுதான். நல்ல வேளையாக அதுவே போதுமானதாக இருந்தது. அப்பா மனுவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன்? நல்லா எழுதலையா?"

"வீட்டுல வழக்கு இருக்கான்னு கேட்டாங்க. இருக்குன்னு சொன்னேன்."

"என்னாலதான் போச்சு," என்றார் அப்பா.

உங்களால் இல்லை, நானாகத்தான் சொன்னேன் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவருடைய பாரத்தை ஒரே வாக்கியத்தில் இறக்கிவைக்க அவளால் முடியும். நாக்கு நுனியில் அந்த வாக்கியம் இருந்தது. அதைச் சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

அப்பா மனுவை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை. எழுந்திருப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் எழவில்லை.

"ஒண்ணு கேட்கட்டுமா?" என்றார். "உன் படிப்பு, சட்டம், ஆதாரம் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். நான் அந்த நோட்டுல எழுதினேனா இல்லையா? நீ என்ன நினைக்கிற?"

பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். நம்புகிறேன் என்று பொதுவாக ஒரு வார்த்தை சொல்லி நழுவியிருக்கலாம். காலையிலிருந்து அவள் எதற்கெல்லாமோ யோசித்தாள். இதற்கு யோசிக்க முடியவில்லை. அவர் கேட்கிற முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை.

"எழுதினீங்கப்பா. ரெண்டு கோடு போட்டு எழுதினீங்க."

அப்பாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்; துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை. மகள் தன்னை நம்புகிறாள் என்பது மட்டும்தான் அவருக்குக் கேட்டது.

வக்கீலம்மாவுக்கு அந்த இரண்டு கோட்டில் வேறு என்னவோ கேட்டிருக்க வேண்டும். எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா," என்றார் மெதுவாக, "இன்னிக்கு அங்க பரீட்சைக்கு உங்களுக்கு என்ன கொடுத்தாங்க?"